தொகைச்சொற்கள்: புணர்ச்சியும் ஒலிப்பும் அசையும்

(தவளக்குப்பத்தில் நடைபெற்ற இலக்கிய வட்டப் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

தோற்றுவாய்

ஒரு மொழியின் வளம் அதன் வேர்ச்சொற்களின் எண்ணிக்கையால் மட்டும் அளக்கப்படுவதன்று. உள்ள சொற்கள் இரண்டை இணைத்து மூன்றாவது பொருள் ஒன்றைப் பிறப்பிக்கும் ஆற்றலே மொழியின் பெருவளமாகும். தேன் வேறு, கூடு வேறு, தேன்கூடு வேறு. கை வேறு, எழுத்து வேறு, கையெழுத்து வேறு. இவ்வாறு இணைந்து ஒன்றாகும் சொற்களைத் தமிழ் இலக்கணம் தொகை என்னும் பெயரால் வழங்குகிறது.

தொகைச்சொல் எவ்வாறு அமைகிறது, எவ்வாறு ஒலிக்கிறது, செய்யுளில் எவ்வாறு அசை பிரிகிறது என்னும் மூன்று வினாக்களும் ஒன்றோடொன்று பிணைந்தவை. புணர்ச்சியை எழுத்ததிகாரத்திலும், தொகையைச் சொல்லதிகாரத்திலும், அசையை யாப்பிலும் தனித்தனியே கற்கும் மாணவர்க்கு இப்பிணைப்பு புலப்படுவதில்லை. கவிதை எழுதுவோர்க்கோ மூன்றும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. அவ்விடம் இரு சொற்களுக்கு இடைப்பட்ட மூட்டுவாய். அங்கே நிற்பது பெரும்பாலும் ஓர் ஒற்றெழுத்து மட்டுமே.

இவ்விழா நிகழும் தவளக்குப்பம் என்னும் ஊரின் பெயரே இம்மூன்று வினாக்களுக்கும் விடை தரத்தக்க ஒரு தொகைச்சொல்லாக அமைந்திருத்தல் மகிழ்ச்சிக்குரியது. புதுச்சேரியிலிருந்து கடலூர் செல்லும் நெடுஞ்சாலையில், அரியாங்குப்பத்திற்குத் தெற்கே உள்ள இவ்வூரின் பெயரையும், இதனைச் சூழ்ந்த ஊர்களின் பெயர்களையும் சான்றாகக் கொண்டு இப்பொருள் ஈண்டு ஆராயப்பெறுகிறது.

தொகை என்பது யாது?

தொகை என்னும் பெயர்க்குக் காரணம் கூறுவதில் பழைய உரையாசிரியர்களிடையே இரு கருத்துகள் நிலவின. வேற்றுமையுருபு, உவமவுருபு, உம்மை முதலியன மறைந்து தொகுதலால் தொகையாயிற்று என்பது ஒன்று. இரண்டும் பலவுமாகிய சொற்கள் பிளவின்றி ஒற்றுமைப்பட இயைதலால் தொகையாயிற்று என்பது மற்றொன்று. சேனாவரையர் இவ்விரு திறத்தார் கருத்தையும் தம் உரையில் எடுத்துரைக்கிறார். முன்னது எது மறைந்தது என்று நோக்குகிறது. பின்னது எது பிறந்தது என்று நோக்குகிறது. கவிஞர்க்கு நெருக்கமானது இப்பின்னைய நோக்கே. எல்லாத் தொகையும் ஒரு சொல்லைப் போன்றே நடக்கும் என்று தொல்காப்பியர் எச்சவியலில் உரைப்பதும் இதற்கு அரணாகிறது.

தொகை அறு வகைப்படும் என்பது அவையறிந்தது. வேற்றுமைத்தொகை, உவமைத்தொகை, வினைத்தொகை, பண்புத்தொகை, உம்மைத்தொகை, அன்மொழித்தொகை என்பன அவை. இவற்றுள் பொருள் எச்சொல்லில் தங்குகிறது என்பதையும் தொல்காப்பியர் நான்காக வகுத்துக் காட்டினார். தவளக்குப்பம் என்பதில் பொருள் பின்மொழியில் தங்குகிறது. அது ஒருவகைக் குப்பமே. கடைக்கண் என்பதில் பொருள் முன்மொழியில் தங்குகிறது. அது கண்ணின் கடையைக் குறிக்கிறது. இரவு பகல் என்னும்போது இரண்டிலும் தங்குகிறது. பொற்றொடி என்று ஒரு பெண்ணை அழைக்கும்போது பொன்னிலும் தங்குவதில்லை, தொடியிலும் தங்குவதில்லை; இரண்டிற்கும் வெளியே நிற்பவளைச் சென்று சேர்கிறது. இரு சொற்களைச் சேர்ப்பது என்னும் எளிய செயலுக்குள் இத்தனை பொருள்நிலைகள் இருப்பதை ஈராயிரம் ஆண்டுப் பழமை கொண்ட இலக்கண மரபு கண்டு வைத்துள்ளது.

ஊர்ப்பெயர்கள் காட்டும் புணர்ச்சி

தவளக்குப்பம் என்னும் பெயரின் வடிவத்தைத் தவளம் + குப்பம் எனப் பிரிக்கலாம். தவளம் என்பதற்கு வெண்மை என்று அகராதிகள் பொருள் கூறும். அவ்வாறு கொள்ளின் இது பண்புத்தொகை. நிலைமொழியீற்று மகரம் கெடுகிறது; தவள என நிற்கிறது; வருமொழி முதலில் உள்ள ககரத்திற்கு இனமான க் தோன்றுகிறது. ஓர் எழுத்து போகிறது, ஓர் எழுத்து வருகிறது. இரு சொல் ஒரு சொல் ஆயிற்று என்பதற்கு இவ்வரவே சான்றாகிறது. தவளை + குப்பம் எனப் பிரிப்பார் உளராயினும் அங்கும் ககரவொற்று மிகுந்தே ஆக வேண்டும். ஊர்ப்பெயரின் வரலாறு கல்வெட்டாய்வாளரின் துறை. மூட்டுவாயில் ஒற்று நிற்க வேண்டும் என்பது இலக்கணத்தின் முடிபு.

அண்டை ஊர்களை நோக்குவோம். காட்டுக்குப்பம் என்பதில் காடு என்னும் நெடிற்றொடர்க் குற்றியலுகரத்தின் டகரம் முதலில் இரட்டித்துப் பின்னரே ககரம் மிகுகிறது. ஒரே பெயரில் இரு மாற்றங்கள். புதுச்சேரி என்பது புதுமை + சேரி. பண்புப்பெயரின் மை ஈறு கெட்டுச் சகரவொற்று மிகுந்தது. மூலக்குளம் தவளக்குப்பத்தின் நெறியையே பின்பற்றுகிறது. தேங்காய்த்திட்டு மேலும் சுவையானது. தெங்கு + காய் என்பது தேங்காய் என்றாகி, அதனோடு திட்டு சேர்ந்து தகரவொற்று மிகுந்தது. மூன்று சொற்கள், இரண்டு மூட்டுகள். ஒன்று மெல்லொற்றால் ஆனது, மற்றொன்று வல்லொற்றால் ஆனது.

மெல்லொற்றால் இணையும் பெயர்கள் இப்பகுதியில் மிகுதி. அரியாங்குப்பம், நோணாங்குப்பம், பூரணாங்குப்பம் ஆகியவற்றில் ககரத்தின்முன் ஙகரம் நிற்கிறது. கிருமாம்பாக்கம், வீராம்பட்டினம் ஆகியவற்றில் பகரத்தின்முன் மகரம் நிற்கிறது. மகரவீற்றுச் சொற்கள் ஈறு கெட்டு உயிரீறு போல் நடத்தலும் உண்டு; வருமொழி வல்லினத்திற்கு இனமான மெல்லெழுத்தாய்த் திரிதலும் உண்டு என்னும் நன்னூல் நெறியின் இரு கிளைகளையும் கடலூர்ச் சாலையில் சில கல் தொலைவு செல்வோர் பெயர்ப்பலகைகளிலேயே கற்றுவிடலாம்.

இனி, ஒற்று மிகாத பெயர்களும் உள்ளன. முதலியார்பேட்டை, உழவர்கரை என்பவற்றில் வல்லினம் வந்தும் மிகவில்லை. இது எழுதுவோரின் சோர்வு அன்று. உயர்திணைப் பெயர்களின் ஈற்றில் உயிரோ ய, ர மெய்களோ நின்றால் அவற்றின்முன் வல்லினம் மிகாது என்பது பவணந்தி முனிவர் வகுத்த விதி. தேங்காய் அஃறிணை; ஆதலால் தேங்காய்த்திட்டு. முதலியார் உயர்திணை, ஆதலால் முதலியார்பேட்டை. திணை வேறுபாடு ஓர் ஒற்றின் வரவில் வெளிப்படுகிறது. பேசுவோர் இலக்கணம் கற்றிராவிடினும் அவர்தம் நா இவ்வேறுபாட்டைத் தவறாமல் காத்து வருகிறது.

புதுச்சேரி மண் ஈன்ற பெருங்கவிஞர் கனக சுப்புரத்தினம் தமக்குச் சூட்டிக்கொண்ட பெயரும் இவ்விதியின் பாற்பட்டதே. பாரதிதாசன் என்பதில் தகரம் மிகவில்லை. பாரதியார் 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்த காலத்தில் பிறந்த மூன்று படைப்புகளின் பெயர்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் புணர்ச்சிப் பாடம் ஒன்று கிடைக்கிறது. பாஞ்சாலி சபதம் என்பதில் பாஞ்சாலி உயர்திணைப் பெயர், சகரம் மிகவில்லை. கண்ணன் பாட்டு என்பதில் னகரம் இயல்பாக நிற்கிறது. குயில் அஃறிணையாதலின் லகரம் றகரமாய்த் திரிந்து குயிற்பாட்டு ஆகிறது. குயில் பாட்டு எனத் திரியாமல் அச்சிடுவோரும் உண்டு. மூன்றும் பாட்டின் பெயர்களே. மூன்றிலும் மூட்டு ஒரு தன்மைத்தன்று.

ஒலிப்பு

ஒற்று ஏன் மிகுகிறது? விதி கூறுவதால் மிகுகிறது என்பது விடையாகாது. மக்கள் நாவில் மிகுந்தமையாலேயே விதி பிறந்தது. இதனை உணரத் தமிழ் வல்லினத்தின் ஒலிப்பை நோக்க வேண்டும்.

தமிழில் க என்பது ஓரெழுத்தே ஆயினும் அதன் ஒலி இடத்திற்கேற்ப மாறும். சொல்லின் முதலில் வன்மையாக ஒலிக்கும்: குப்பம், கடல். இரட்டிக்கும்போதும் வன்மையாகவே ஒலிக்கும்: பக்கம். இரு உயிர்களுக்கு நடுவே தனித்து நின்றால் மென்மையுறும்: பகல், அகம். மெல்லொற்றின்பின் அதிர்ந்தொலிக்கும்: பங்கு, சங்கு. ஏனைய வல்லினங்களும் ஏறத்தாழ இந்நெறியினவே.

இப்போது குப்பம் என்னும் சொல்லை மற்றொரு சொல்லின்பின் வைப்போம். தனித்து நின்றபோது சொன்முதலில் இருந்த ககரம் இப்போது சொல்லின் நடுவில் அகப்பட்டுக்கொள்கிறது. தவள என்பதன் அகரவுயிர் முன்னும் உகரவுயிர் பின்னும் நிற்க, இடைப்பட்ட ககரம் மென்மையுற்றுத் தேய வேண்டியதாகிறது. அவ்வாறு தேய்ந்தால் குப்பம் என்பது செவிக்குக் குப்பமாகக் கேளாது. அத்தேய்வைத் தடுத்துச் சொன்முதல் வன்மையைக் காப்பதற்கே ககரம் இரட்டிக்கிறது. மிகும் ஒற்று வருமொழியின் முகத்தைக் காக்கும் கவசம் எனலாம்.

அரியாங்குப்பத்தில் நிகழ்வது வேறு. அங்கு ஙகரம் முன்னிற்றலால் ககரம் அதிர்ந்து ஒலிக்கிறது. தவளக்குப்பத்தின் குப்பமும் அரியாங்குப்பத்தின் குப்பமும் எழுத்தால் ஒன்று, செவிக்கு இரண்டு. அண்டை ஊர்கள் இரண்டின் பெயர்களில் ஒரே சொல் வன்மையாகவும் மென்மையாகவும் ஒலித்தல் வெளியூரார் செவிக்கு வியப்பளிக்கலாம்.

அடுக்களையிலிருந்தும் இதற்குச் சான்று காட்டலாம். வாழைக்காய், தேங்காய், ஊறுகாய் என்னும் மூன்றிலும் காய் உண்டு. முதலாவதில் வல்லொற்று மிகுதலால் ககரம் வன்மையாக ஒலிக்கிறது. இரண்டாவதில் மெல்லொற்றின்பின் அதிர்கிறது. மூன்றாவது வினைத்தொகை, வினைத்தொகையில் வல்லினம் மிகாது, ஆதலால் ககரம் உயிர்களின் நடுவே மென்மையுறுகிறது. ஒரு காய், மூன்று ஒலி. எந்தத் தொகை என்பதை ஒலியே அறிவித்துவிடுகிறது.

ஒலி அறிவிக்கும் இச்செய்தியை எழுத்து விட்டுவிட்டால் பொருள் மாறும். நடுகல் என்பது நடப்பட்ட கல், வீரர்க்கு எடுக்கும் நினைவுக்கல், வினைத்தொகை. நடுக்கல் என்பது நடுவில் உள்ள கல், வேறொன்றுமில்லை. தந்த பலகை என்பது ஒருவர் கொடுத்த பலகை. தந்தப் பலகை என்பது யானைக்கோட்டால் ஆன பலகை. கைக்குட்டை என்பது துணி. கை குட்டை என்பது ஒருவருடைய கையின் அளவு. ஒற்று இல்லாத இடத்தில் இடுவதும் இவ்வாறே பிழையாகும். செடி கொடி என்னும் உம்மைத்தொகையில் ககரவொற்றை இட்டால் செடியும் கொடியும் என்ற பொருள் போய், செடியினது கொடி என்று மயங்க நேரும். வல்லினம் மிகும் இடத்தை அறிதல் எவ்வளவு இன்றியமையாததோ, அவ்வளவு இன்றியமையாதது மிகா இடத்தை அறிதல்.

புதுச்சேரிப் பகுதி ஊர்ப்பெயர்களுக்கு மற்றோர் இடரும் உண்டு. பிரெஞ்சு ஆட்சி 1954 நவம்பர் 1-ஆம் நாள் நடைமுறையில் முடிவுற்றது. 1962 ஆகஸ்ட் 16-ஆம் நாள் சட்டப்படியான இணைப்பும் நிறைவேறியது. ஆயினும் அயலார் எழுத்தில் பதிந்த வடிவங்கள் எளிதில் அகலவில்லை. உழவர்கரை பிரெஞ்சு எழுத்தில் உல்கரே என ஒலிக்குமாறு எழுதப்பட்டது. அதில் உழவரும் இல்லை, கரையும் இல்லை. புதுச்சேரி என்னும் பெயர் 2006-ஆம் ஆண்டிலேயே சட்டப்படி மீண்டது. தவளக்குப்பம் உரோம எழுத்தில் பெரும்பாலும் எழுதப்படும் முறையைக் கூர்ந்து நோக்குக. குப்பம் என்பதன் உள்ளே இருக்கும் பகரவொற்று இரட்டையாக எழுதப்படுகிறது. இரு சொற்களை இணைக்கும் ககரவொற்று ஒற்றையாகி விடுகிறது. சொல்லின் உள்ளுறுப்பு பிழைத்தது, மூட்டு அறுந்தது. அவ்வெழுத்தைக் கண்டு படிக்கும் அயலூரார் ககரத்தை மென்மையாக்கி ஒலிப்பதில் வியப்பில்லை. அவ்வொலிப்பைக் கேட்டுத் தமிழரே தமிழிலும் ஒற்றின்றி எழுதத் தொடங்குவதுதான் வருந்தத்தக்கது.

அசையும் சீரும்

ஒற்றெழுத்துக்கு அலகு இல்லை என்பது யாப்பின் பாலபாடம். அலகு பெறாத ஒற்று மிகுந்தால் என்ன, விடுபட்டால் என்ன என்று இளங்கவிஞர் சிலர் வினவக்கூடும். இவ்வினாவுக்கு ஊர்ப்பெயரே விடை கூறுகிறது.

தவளக்குப்பம் என்பதை அசை பிரித்தால் தவ/ளக்/குப்/பம் என நிற்கும். நிரை, நேர், நேர், நேர், வாய்பாடு புளிமாந்தண்பூ. ககரவொற்றை நீக்கி எழுதினால் தவ/ளகுப்/பம் எனப் பிரியும். தனித்து நின்ற ளகரக் குறில், ஒற்று நீங்கியமையால் அடுத்த குறிலோடு இணைந்து குறிலிணை ஆகிவிடுகிறது. நிரை, நிரை, நேர், வாய்பாடு கருவிளங்காய். நாலசைச்சீர் மூவசைச்சீர் ஆயிற்று. அலகு பெறாத எழுத்தொன்று நான்கை மூன்றாக்கும் வலிமை உடையதாயிருக்கிறது.

எல்லா இடத்திலும் இவ்வாறு நிகழாது. புதுச்சேரி என்பது புதுச்/சே/ரி. சகரவொற்றை நீக்கினாலும் புது/சே/ரி, இரண்டும் புளிமாங்காயே. குறிலிணையின்பின் வரும் ஒற்று அசையை மாற்றுவதில்லை. அரியாங்குப்பம் என்பதில் நெட்டெழுத்தின்பின் வரும் ஙகரமும் அவ்வாறே. தனிக்குறிலின்பின் வரும் ஒற்று மட்டுமே அசையைக் காத்து நிற்கிறது. காட்டுக்குப்பம் என்பதில் காட்/டுக்/குப்/பம் என்னும் நான்கு நேரசைகள், ஒற்று நீங்கின் காட்/டுகுப்/பம் எனக் கூவிளங்காய் ஆகும். எந்த ஒற்று விடுபட்டால் சீர் சிதையும் என்பதை இந்த அளவுகோலால் கவிஞர் உடனே அறியலாம்.

வெண்பா எழுதுவோர்க்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. வெண்பாவில் நாலசைச்சீர் புகாது. ஆதலால் தவளக்குப்பம் ஒரே சீராக நிற்க இயலாது. தவளக் குப்பம் என இரு சீராக்கினால் புளிமாவின்பின் நேரசை வருகிறது. மாமுன் நேர் நேரொன்றாசிரியத்தளை. வெண்பாவில் அது தளை தட்டும். அகவலில் இவ்விரு சீரும் இயல்பாக அமையும். தவளக்குப்பம் அகவலுக்குரிய பெயர் என்றே கூறலாம். வெண்பாவில் வைத்தே தீர வேண்டுமெனின் வழி யாது?

ஒரு வழி ககரவொற்றைத் தொகுத்தல் விகாரமாகக் கொண்டு நீக்கிக் கருவிளங்காய்ச் சீராக்குவது. செய்யுள் விகாரங்களுள் தொகுத்தலும் ஒன்றாதலின் இதற்கு இடமுண்டு எனலாம். எனினும் இடருற்றவிடத்துக் கைக்கொள்ளும் சலுகையை எளிய வழக்கமாக்குதல் நன்றன்று. மற்றொரு வழி வகையுளி. தவளக்குப் பத்தில் எனச் சீர் பிரித்தால் முதற்சீர் புளிமாங்காய். அடுத்த சீர் நேரசையில் தொடங்குகிறது. காய்முன் நேர் வெண்சீர் வெண்டளை. ஒற்றும் காக்கப்பட்டது, தளையும் காக்கப்பட்டது. குப்பம் என்னும் சொல் கண்ணுக்குப் பிளவுபட்டாலும் செவிக்குப் பிளவுபடுவதில்லை. ஊரின் பெயரை முழுமையாக ஒலிக்கும் இவ்வழியே ஏற்றதாகும்.

மக்கள் வழக்கும் கவிஞர்க்கு ஒரு வழி காட்டியிருக்கிறது. புதுச்சேரி என்பது மருவிப் புதுவை ஆயிற்று. மூவசைச் சீர் ஈரசைச் சீராய்ச் சுருங்கிப் புளிமா ஆனது. தஞ்சாவூர் தஞ்சையாகவும், கோயம்புத்தூர் கோவையாகவும் மருவியதும் இத்தகையதே. இம்மருஉப் பெயர்களைப் புலவர்கள் விரும்பி ஆண்டமைக்கு அவற்றின் சீரமைதியும் காரணமாதல் வேண்டும்.

மகிழத்தக்க செய்தி ஒன்றும் உண்டு. இலக்கியம் + வட்டம் என்பதில் மகரம் கெட்டு, வகரம் இடையினமாதலின் ஒற்று மிகாது இலக்கிய வட்டம் என்றாகிறது. இலக்/கிய என்பது கருவிளம்; வட்/டம் என்பது தேமா. விளமுன் நேர் இயற்சீர் வெண்டளை. வட்டத்தின் பெயர் வெண்பாவில் எவ்வித இடரும் இன்றி அமர்ந்துவிடுகிறது!

நார்வே மொழியில் தொகைச்சொல்

தொகைச்சொல்லின் மூட்டு தமிழுக்கு மட்டுமே உரிய சிக்கல் அன்று. வடமொழியில் சமாசம் உண்டு. செருமானியத்தில் நெடிய தொகைச்சொற்கள் உண்டு. இங்கு நார்வே மொழியை மட்டும் எடுத்துக்கொள்வது பொருந்தும். 1983-க்குப் பின் ஈழத்தமிழர் பெருந்தொகையினராகக் குடியேறிய நாடுகளுள் நார்வேயும் ஒன்று. அங்குள்ள தமிழ்க் குழந்தைகள் இருமொழித் தொகைகளையும் ஒருங்கே கற்கின்றனர்.

நார்வே மொழியில் பார்ன் என்பது குழந்தை. ஹாகெ என்பது தோட்டம். இரண்டும் சேருங்கால் இடையே எகரம் தோன்றிப் பார்னெஹாகெ ஆகிறது. குழந்தைத் தோட்டம் என்பது சொற்பொருள். மழலையர் பள்ளி என்பது வழக்குப் பொருள். அர்பைட் என்பது வேலை. ப்ளாஸ் என்பது இடம். இரண்டும் சேருங்கால் இடையே ஸகரம் தோன்றி அர்பைட்ஸ்ப்ளாஸ் ஆகிறது. பொருளேதும் இன்றி இணைப்புக்கு மட்டும் வரும் இவ்வெழுத்துகள் தமிழின் சாரியையையும் மிகும் ஒற்றையும் நினைவூட்டுகின்றன.

வரியின் முடிவில் இடம் போதாது சொல்லைப் பிரிக்க நேரின் நார்வே மொழியார் தொகையின் மூட்டில் பிரிப்பர். இணைப்பு ஸகரத்தை முதற்சொல்லோடு நிறுத்துவர். தவளக் என்று நிறுத்திக் குப்பம் என்று தொடங்குதல் போன்றதே இது. தொடர்பில்லாத இரு மொழிகள் இணைப்பெழுத்தை முன்சொல்லின் கையிலேயே ஒப்படைத்திருப்பது சிந்தனைக்குரியது.

ஒலிப்பில் வேறுபாடு உண்டு. தமிழ் ஒற்றால் காட்டும் ஒருமையை நார்வே மொழி அழுத்தத்தால் காட்டுகிறது. தொகையின் முதற்சொல்லில் பேரழுத்தம் விழும். பின்மொழி அதனினும் தாழ்ந்து ஒலிக்கும். எழுத்தில் இரு சொல்லையும் இடைவெளியின்றிச் சேர்த்தே எழுத வேண்டும் என்பது அங்குக் கண்டிப்பான விதி. பிரித்து எழுதினால் பொருள் கெடும். அனனாஸ் என்பது தமிழர் வழங்கும் அன்னாசியே. அனனாஸ்பீத்தர் எனச் சேர்த்தெழுதினால் அன்னாசித் துண்டுகள். பிரித்தெழுதினால் அன்னாசி கடிக்கிறது என்றாகிவிடும். இவ்வாறு பிரித்தெழுதும் பிழைக்கு அம்மொழியில் தனிப்பெயரே உண்டு. பழச்சாடியின் மேல் எழுதிய பெயர் நகைப்புக்கு இடமாவதை அம்மக்கள் விரும்புவதில்லை. தமிழர் மட்டும் கைக்குட்டை விற்கும் கடையின் பலகையில் கை குட்டை என்று எழுதியிருப்பதைக் கண்டும் காணாது செல்லலாமா?

கவிஞர்தம் கடன்

ஒற்று விடுபடுவதற்குரிய காரணங்களை ஆராய்ந்தால் அறியாமை ஒன்றே காரணமன்று என்பது விளங்கும். சொற்களை இடைவெளி விட்டு எழுதும் பழக்கம் அச்சோடு வளர்ந்தது. ஓலைச்சுவடியில் சொற்கள் தொடர்ந்து ஓடின. மூட்டுவாய் கண்ணுக்குத் தெரியாது, செவியே அதனைப் பிரித்தறிந்தது. இன்று இடைவெளி மூட்டைப் பிரித்துக் காட்டுகிறது. ஆதலால் ஒற்று தேவையற்றது போலத் தோன்றுகிறது. தமிழ்க் கவிதை என்னும்போது இடைவெளி இருசொல் என்கிறது. ககரவொற்றோ ஒருசொல் என்கிறது. இவ்விரண்டின் போட்டியில் ஒற்றே பெரும்பாலும் தோற்கிறது.

புதுக்கவிதை எழுதுவோர் மற்றோர் இடத்திலும் ஒற்றை இழக்கின்றனர். தொகையின் நடுவே வரியை ஒடிக்கும்போது வரியின் இறுதியில் ஒரு க் அல்லது ப் தனித்து நிற்பது கண்ணுக்கு அழகாக இல்லை என்று கருதி அதனை நீக்கிவிடுகின்றனர். யாப்பைத் துறந்தது அவர்தம் உரிமை. அதில் குறைகாண வேண்டியதில்லை. ஆயின் யாப்பைத் துறந்த கவிதைக்கு எஞ்சி நிற்பது பேச்சின் ஒலி ஒன்றே. அப்பேச்சொலியில் உள்ள ஒற்றையும் எழுத்தில் துறந்தால் எஞ்சுவது என்ன? தொகையின் நடுவே வரியை ஒடிப்பதாயின் ஒற்றை முன்வரியிலேயே நிறுத்துக. அது பொருந்தவில்லையெனின் ஒடிக்கும் இடத்தை மாற்றுக. இரண்டும் இயலாத இடம் கவிதையில் அரிது. புதுக்கவிதை என்னும் பெயரே ககரவொற்றொன்றைத் தாங்கி நிற்கும் பண்புத்தொகை என்பதையும் மறத்தலாகாது.

மரபுக்கவிஞர்க்கும் ஒரு சொல் உண்டு. ஐயம் எழும்போதெல்லாம் ஒற்றை இட்டுவைப்பது காப்பு என்று கருதுவோர் உளர். வினைத்தொகையிலும் உம்மைத்தொகையிலும் உயர்திணைப் பெயர்களின்பின்னும் இடப்படும் வேண்டாத ஒற்று, விடுபட்ட ஒற்றுக்கு எவ்வகையிலும் குறைந்த பிழையன்று. ஐயம் தீர நூலை நாடுமுன் செவியை நாடலாம். தொகையை ஒருமுறை உரக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். வருமொழியின் வல்லினம் வன்மையாக ஒலித்தால் ஒற்று உண்டு, மென்மையுற்றால் இல்லை. ஊறுகாயும் வாழைக்காயும் கற்பிக்கும் பாடம் இதுவே. பேச்சுவழக்கு மயங்கும் சில இடங்களில் மட்டும் நன்னூல் துணைவரும்.

நிறைவு

தொகைச்சொல் என்பது இரு சொற்கள் தத்தம் தனிமையைச் சிறிது இழந்து ஒருமையைப் பெறும் இடம். நிலைமொழி தன் ஈற்றை இழக்கிறது. வருமொழி தன் முதலெழுத்தை இரட்டித்து ஈடு செய்கிறது. அவ்வீடு ஒலியில் கேட்கிறது, எழுத்தில் தெரிகிறது, யாப்பில் அசையாகிறது. மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதால் ஒன்றில் நேரும் சிதைவு மற்ற இரண்டையும் சிதைக்கிறது.

பத்தாண்டு நிறைவு காணும் இவ்விலக்கிய வட்டத்தின் கவிஞர்கள் இனி எழுதும் பாடல்களில் தம் ஊரின் பெயர் பலமுறை வரும். அழைப்பிதழிலும் நூல்முகப்பிலும் சுவரொட்டியிலும் அப்பெயர் அச்சேறும். அங்கெல்லாம் அந்த ஒரு ககரவொற்று தவறாது நிற்குமாயின், ஊரின் பெயரைப் பிழையின்றிச் சொல்லக் கற்பிக்கும் பணியை வேறெவரும் தனியே மேற்கொள்ள வேண்டியிராது. வெண்பாவில் வைப்பவர் தவளக்குப் பத்தில் என்று வைக்கட்டும். அகவலில் வைப்பவர் தவளக் குப்பம் என்று வைக்கட்டும். புதுக்கவிதையில் வைப்பவர் ஒரே வரியில் முழுமையாக வைக்கட்டும். எவ்வகையில் வைத்தாலும் படிப்பவர் நாவில் குப்பம் குப்பமாகவே ஒலிக்கட்டும்.